ஏப்ரல் கடைசி வாரமும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டும்

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பாண்டி பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். பாண்டியிலிருந்து யாராவது சாராய பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்க்கப் போலீஸ்காரர் ஏறுவார். மேலே வைத்திருக்கும் பைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். ஒரு நாள் சாயங்காலம் என் பையை அமுக்கியவர் கையை எடுக்கவில்லை. உள்ளே கனமாக, கெட்டியாக ஏதோ இருந்தது.

"யாருது இது? இன்னா இருக்குது?"

"என்னுதுதான் சார். புக்கு."

நம்பவில்லை. ஜிப்பைத் திறந்து வெளியே எடுத்தார். புதுமைப்பித்தன் கதைகள், மொத்தத் தொகுப்பு. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஏதாவது வெட்டி ஒளித்து வைத்திருக்கிறேனா என்று பக்கங்களை விசிறிக்கூடப் பார்த்தார். "இத்தினி பெரிசா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "அதுவும் போதைதான் சார், புடிச்சிக்கினு போங்க." பஸ் முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டுத்தான் இறங்கினார்.

1994 முதல் 2019 வரை அந்த ரோட்டில் போய் வந்தேன். வீடு திருப்பாதிரிப்புலியூரில், வாயில் வருவது திருப்பாப்புலியூர்தான். வேலை பாண்டியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுவது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், கூடக் குறைய. நான் படித்ததில் முக்கால்வாசி அந்த பஸ்ஸில் படித்ததுதான். அதனால் முதலில் பஸ்ஸில் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பாண்டிக்குப் போகும்போது வெயில் வலது பக்கம். சாயங்காலம் திரும்பும்போதும் வலது பக்கமே. எனவே வாசகனுக்கு இடது பக்க சன்னல்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைக்காலம் முழுசாக ஆனது. இரண்டாவது, பஸ்ஸுக்குச் சிறுகதைதான் சரி. மஞ்சக்குப்பம் தாண்டி எடுத்தால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் எல்லாம் போய் கிருமாம்பாக்கம் வருவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். அப்புறம் தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலில் பஸ் ஊரும்போது படித்ததை அசைபோடலாம். நாவலை பஸ்ஸில் ஆரம்பித்தால் தினம் பத்துப் பக்கம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டியிருக்கும். தடித்த நாவலுக்குப் பொங்கல் லீவு, கோடை லீவு என்று ஒதுக்கிவிடுவது உத்தமம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிக்கிறவன் என்று தெரிந்தால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்? நான் யோசிக்கவே மாட்டேன். ஜெயகாந்தன் என்பேன். எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டணம் போய் ஞானபீடம் வரைக்கும் வாங்கியவர். இதைச் சொல்லும்போது எனக்கே ஏதோ விருது கிடைத்த மாதிரி நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அந்தப் பதில் பாதி பொய் என்று தெரிய ஒரு புயல் வர வேண்டியிருந்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. தானே புயல். கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரையேறியது என்று செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு அது எங்கள் வீட்டு முற்றத்தில் ஏறியது போலத்தான் இருந்தது. வீடு பழைய ஓட்டு வீடு. முன்னறையில் சுவரோரம் நான்கு தட்டு மர ஷெல்ஃப். அதில் முந்நூறு புத்தகம் இருக்கும். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. அழகாக இருக்கிறது என்று திறந்தே வைத்திருந்தேன். மூன்றரை மணி வாக்கில் அந்த அறை ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று பறந்தன. நாங்கள் பின்கட்டில் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டிருந்தோம். விடிந்து போய்ப் பார்த்தால் புத்தகங்கள் ஊறிப் பருத்து ஷெல்ஃபையே வெளியே பிதுக்கிக்கொண்டு நின்றன. இழுத்தால் வரவில்லை. மேல் தட்டை உடைத்துத்தான் எடுத்தேன்.

எங்கள் இழப்பு ஒன்றுமே இல்லை. பண்ருட்டிப் பக்கம் ஐம்பது வருஷத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் அடியோடு சாய்ந்து கிடந்த நேரத்தில் புத்தகத்துக்கு அழுதால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். அந்த ஈரக் குவியலில் என் கை முதலில் துழாவியது ஜெயகாந்தனை அல்ல. புதுமைப்பித்தனை.

நனைந்த புத்தகத்தை என்ன செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. பாதியை வெயிலில் போட்டேன். அது பெரிய தப்பு. அட்டைகள் அப்பளம் மாதிரி சுருண்டன, பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. அப்புறம் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் வந்து சொன்னார். நிழலில், காற்றோட்டத்தில், புத்தகத்தை நிற்க வைத்துப் பக்கங்களை விசிறி மாதிரி விரித்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாளைச் செருகி, அது ஈரத்தைக் குடித்ததும் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒட்டிய பக்கத்தைப் பிரிக்கக் கூடாது. வழவழப்புத் தாளில் அச்சடித்த புத்தகத்தை மறந்துவிடலாம், அது செங்கல் ஆகிவிடும். இரண்டு மூன்று நாளில் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும், பிடித்ததை மற்றதோடு வைக்கக் கூடாது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. எனவே ஃபேன் கிடையாது. இருந்தது கடல்காற்று மட்டும். அதில் உப்பும் ஈரமும்.

தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் வண்டி நின்ற வேப்பமரம் சாய்ந்துவிட்டது. வண்டி மட்டும் ஆச்சரியமாகத் தப்பியிருந்தது. ஊரில் யார் அப்போது சட்டைக்கு இஸ்திரி போடப்போகிறார்கள்? சும்மா உட்கார்ந்திருந்தவர், நான் வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் செருகிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "குடு சார், தேய்ச்சுப் பாக்கலாம்" என்றார். கரிப் பெட்டி. சூட்டை உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு பழைய வேட்டித் துண்டைப் போட்டு, அழுத்தாமல், குழந்தை முதுகைத் தடவுகிற மாதிரி ஒரே ஒரு இழுப்பு. ஈரத்தாளிலிருந்து ஆவி கிளம்பும். பழைய தாளும் மையும் கரிப்புகையும் சேர்ந்த ஒரு வாசனை.

ஒரு கட்டத்தில் அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார். வாய் முணுமுணுக்கிறது. எட்டிப் பார்த்தேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. முதல் பக்கத்திலேயே கந்தசாமிப் பிள்ளை சென்னை எஸ்பிளனேடு முனையில் நின்றுகொண்டு ட்ராமில் போய் மிஞ்சும் காலணாவுக்கு வெற்றிலை போடுவதா, பஸ்ஸில் போய் அரை கப் காப்பி குடிப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அந்த இடம். இஸ்திரி அண்ணன் நிமிர்ந்து, "இந்தாளு நம்ம மாதிரிதான் சார் கணக்குப் போடுறாரு" என்றார். பிறகு கடவுள் வந்தார். அவர் தலையிலும் பிள்ளை தன் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்ட, யாருடைய ஆயுளுக்கு என்று கடவுள் கேட்கிற இடத்தில் அண்ணன் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. புயல் வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. அந்தத் தெருவில் அதுதான் முதல் சிரிப்பு.

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கதை முடியும்வரைக்கும் புத்தகத்தையும் தரவில்லை.

முந்நூறில் நாற்பது சொச்சம்தான் தேறின. அதில் இந்தத் தொகுப்பு ஒன்று. தேறியதற்குக் காரணம் இஸ்திரி மட்டுமல்ல, தையல் பைண்டிங். இதைப் புத்தகம் வாங்குகிற எல்லோருக்கும் சொல்வேன். திரும்பத் திரும்பப் படிக்கப்போகிற ஆசிரியர் என்று தெரிந்தால் கெட்டி அட்டை, தையல் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பசை போட்டு ஒட்டியது எங்கள் ஊர் வெயிலில் நாலு வருஷம் தாங்காது. பசை காய்ந்து வெடித்து, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். அதைவிட முக்கியம், எந்தப் பதிப்பு என்பது. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். சிலதில் கதை எந்த வருஷம் வந்தது என்றே இருக்காது, பிழையும் மலிந்திருக்கும். என்னுடையது ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு போட்டது. கதைகள் வெளிவந்த கால வரிசையில் இருக்கின்றன. வரிசையாகப் படித்தால் ஒரு மனுஷன் பதினைந்து வருஷத்துக்குள் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறார் என்று தெரிகிறது. மொத்தமே நூறுக்குச் சற்றுக் குறைவான கதைகள். 42 வயதில் போய்விட்டார். எல்லோரும் திருநெல்வேலிக்காரர் என்பார்கள். வேர் அதுதான், வாஸ்தவம். ஆனால் 1906-இல் பிறந்தது எங்கள் திருப்பாப்புலியூரில். இயற்பெயரே விருத்தாசலம். எங்கள் மாவட்டத்து ஊரையே பெயரில் வைத்துக்கொண்டிருந்தவரை விட்டுக்கொடுக்க முடியுமா?

ஏன் கை அவரைத் தேடியது என்று பிறகு யோசித்தேன். 'செல்லம்மாள்' கதையை இருபத்திரண்டு வயதில் முதலில் படித்தபோது, என்ன ஒரே நோயும் பாயுமாக இருக்கிறது என்று தள்ளிவிட்டேன். துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, படுக்கையில் கிடக்கும் மனைவி, பட்டணத்தில் ஒதுக்குப்புறமாக ஒரு வீடு. அவ்வளவுதானே. 2009-இல் அம்மாவைப் பாண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பகலில் இரும்புக் கடை, இரவில் வராந்தா. பையில் இந்தப் புத்தகம். ஒரு ராத்திரி பக்கத்தைத் திருப்பினால் அதே கதை. பிள்ளை வேலை முடிந்து வீடு திரும்புகிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது உள்ளே ஓடுவது அதே பயம். முடிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன். பிடிக்காததால் மூடுவது வேறு, தாங்காததால் மூடுவது வேறு. அந்த இரண்டாவது வகையில் மூடிய புத்தகத்துக்குத்தான் மனுஷன் திரும்பிப் போகிறான் என்று எனக்குப் படுகிறது.

புயலுக்குப் பிறகு பர்ஸும் ஒரு பரீட்சை வைத்தது. ஓடு மாற்றுகிற செலவு போக மாதம் ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எதை முதலில்? வாயால் சொல்கிற பதிலைவிட இந்த வரிசை நேர்மையானது. ஜனவரிச் சம்பளத்தில் வாங்கியது கி. ராஜநாராயணன் சிறுகதைகள். அடுத்த மாதம் பாரதிதாசன். அதற்கடுத்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு துப்பறியும் நாவல்.

கி.ரா. இடைசெவல் கரிசல்காட்டுக்காரர். ஆனால் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். 2021 மே மாதம் இறந்ததும் பாண்டியில்தான். முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய 'கதவு' கதை ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் வீட்டுக் கதவையே பஸ் ஆக்கி ஏறிக்கொண்டு டிக்கெட் கொடுத்து விளையாடுவார்கள். தீர்வை பாக்கிக்காக, வசூலிக்க வந்தவர்கள் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தினம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் இருக்கிறவன் அதைப் படித்தால் என்ன ஆவான்! கண்டக்டர் "டிக்கெட், டிக்கெட்" என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவின் கீல் சத்தம் கேட்கும். புயலில் எங்கள் வீட்டு வாசல்கதவும் பிய்ந்து போயிருந்தது, ஒரு வாரம் கோணிப்பைதான் தொங்கியது. அந்த வாரத்தில் அந்தக் கதையை மனசுக்குள்ளேயே எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கில்லை. புத்தகம் வாங்கியது அப்புறம்தான். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: கி.ரா.வை 'கோபல்ல கிராம'த்தில் தொடங்காமல் சிறுகதையில் தொடங்குங்கள். அந்தப் பேச்சுமொழி காதில் பழகிய பிறகு நாவல் தானாக வழுக்கிக்கொண்டு போகும். வாயைத் திறந்து படிக்க வேண்டிய எழுத்து அது, பஸ்ஸில் மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

ஜெயகாந்தனுக்கு என்ன ஆனது? அவரை நான் மறுபடி வாங்கவே இல்லை. அது எனக்கே தெரியவில்லை. 2015 ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு அவர் இறந்தார். மறுநாள் பஸ்ஸில் பேப்பரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் எதையாவது எடுத்துப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது. வீட்டில் அவர் எழுதியது ஒரு வரி கூட இல்லை. மூன்றே கால் வருஷமாக இல்லை. நான் மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் ஜெயகாந்தன் ஜெயகாந்தன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே இரண்டு புத்தகம் வாங்கினேன். இருபது வயதில் நான் அவரிடம் எதை விரும்பினேன் என்றால், அந்த நீண்ட முன்னுரைகளை. முன்னுரையிலேயே சண்டைக்கு நிற்கிற அந்தத் தோரணையை. டீக்கடையில் நானும் அதே குரலில் பேசிப் பார்ப்பேன். நாற்பத்தேழு வயதில் படித்தபோது அந்த வாதங்கள் கொஞ்சம் நீளமாகப் பட்டன. பாத்திரம் பேசுகிறதா, ஆசிரியர் பேசுகிறாரா என்று சந்தேகம் வந்தது. அன்று தலையில் வைத்துக் கொண்டாடிய சில கதைகளை இப்போது புரட்டிவிட்டுக் கடந்து போனேன். ஆனால் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' அப்படியில்லை. வளர்த்த அப்பாவின் வீட்டைத் தேடி ஹென்றி ஒரு கிராமத்துக்கு வருகிறான். வந்து சண்டை போடவில்லை, சொத்துக்கு அடித்துக்கொள்ளவில்லை. வாழ்கிறான், அவ்வளவுதான். இருபதில் இது எனக்கு உப்புச் சப்பில்லாமல் இருந்தது. இப்போது பூட்டிக் கிடந்த அந்த வீட்டைத் திறந்து சுத்தம் செய்கிற பகுதிகளைப் படிக்கும்போது என் வீட்டு ஓடுகளை ஒவ்வொன்றாக அடுக்கிய நாட்கள் வந்து நின்றன. பழைய எழுத்தாளர் பிடிக்காமல் போய்விட்டார் என்று நினைத்தால், அவருடைய வேறொரு புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நான் போன தெருவுக்கே போய் ஆள் இல்லை என்று திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்துத் தெருவில் இருந்தார்.

அதிலிருந்து ஒரு பழக்கம். ஒரு புத்தகத்தை முடிக்கிற ஒவ்வொரு தடவையும் பின்அட்டையின் உட்புறம் பென்சிலால் தேதி போடுவேன். பேனா வேண்டாம், நனைந்தால் ஊறிவிடும், பட்டவன் சொல்கிறேன். ஒன்றும் எழுத வேண்டாம், தேதி போதும். ஐந்து வருஷம் கழித்து ஷெல்ஃபைப் பார்த்தால் யார் உங்கள் ஆள் என்று அந்தத் தேதிகள் சொல்லிவிடும். என் புதுமைப்பித்தனில் இடமில்லாமல் இரண்டாவது பத்தி ஓடுகிறது. விருது வாங்கியது என்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரு தடியன் நாவலில் தேதியே இல்லை.

ஊர் யாரிடம் திரும்பிப் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய தேதி முத்திரைத் தாள் ஒட்டியிருப்பார்கள். புதுத் தாள் ஒட்டி, அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டி, சுண்டு விரல் தடிமன் வந்திருந்தால் அவர்தான் மக்கள் எழுத்தாளர். நான் பார்த்தவரை ரமணிசந்திரன் தாள்தான் தடிமன். ராஜேஷ்குமார், பாலகுமாரன், சுஜாதா. கல்கியைச் சொல்லவே வேண்டாம், 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் எப்போதும் யார் வீட்டிலாவது இருக்கும். இலக்கியவாதிகள் சிலர் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிப்பதில்லை. என் அத்தை மூன்று பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு மத்தியானங்களில் ரமணிசந்திரனைத்தான் படித்தார், ஒரே நாவலை ஆறு தடவை. "முடிவு தெரியும்ல அத்தை?" என்றால், "முடிவு தெரிஞ்சதாலதாண்டா நிம்மதியா படிக்கிறேன்" என்பார். திரும்பிப் போவதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நூலகத்தில் என் கணக்கு இப்படி: ஒரே புத்தகத்தை மூன்றாவது தடவை எடுக்கத் தோன்றினால் அதை வாங்கிவிடுவேன். அதுவரைக்கும் காசு செலவழிப்பதில்லை.

பாரதிதாசனில் ஒரு அடி வாங்கினேன். மகளுக்குப் பதினாறு வயசு. தமிழில் நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று 'குடும்ப விளக்கை'க் கொடுத்தேன். முதல் பகுதி முழுக்க ஒரு குடும்பத் தலைவியின் ஒரு நாள். விடியலில் எழுந்து கோலம் போடுவதில் தொடங்கி இரவு வரைக்கும் ஓயாத வேலை. அவ்வளவு அழகான தமிழ். இரண்டு நாள் கழித்து அவள் வந்து கேட்டாள்: "அப்பா, இந்த அம்மா எப்பப்பா உக்காருவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சமையல்கட்டில் இருந்த என் மனைவி, "நல்லா கேளுடி" என்றாள்.

நானே முப்பது வருஷமாகப் படித்திருக்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. பெண் கல்விக்கும் கைம்பெண் மறுமணத்துக்கும் பாடிய கவிஞர்தான் அவர், அது பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் புத்தகத்தைத் தொடவில்லை. நமக்குப் பிடித்தவரைப் பிள்ளைகள் கையில் திணித்தால் நாம் திணித்தது மட்டும்தான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் நான் எதையும் கொடுப்பதில்லை. சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டுப் போவேன், யாரோ மறந்துவிட்ட மாதிரி. அப்படி விட்டதில் 'அழகின் சிரிப்பு' காணாமல் போய் அவள் தலையணை அடியில் கிடைத்தது. நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கோ இப்போது 'குடும்ப விளக்கி'ன் கடைசிப் பகுதிதான், முதியோர் காதல். அதை ராத்திரி மொட்டை மாடியில் சத்தமாகப் படிப்பேன். பாரதிதாசனைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும், ஓசை வேண்டும்.

பிரபஞ்சனைப் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் பாண்டியில் கால் வைத்துப் படியுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து முளைத்த நாவல்கள் அவை. 1736 முதல் 1761 வரை ஓடுகிற நாட்குறிப்பு. என் இரும்புக் கடையிலிருந்து பிள்ளையின் வீடு நடக்கிற தூரம்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய மார்க்கெட் மீன் வாசனையோடு ரங்கப்பிள்ளை வீதியில் நின்று பத்துப் பக்கம் படித்திருக்கிறேன். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் வெயிலில் பல்லக்கில் இந்தப் பக்கமாகத்தானே போயிருப்பார் என்று தோன்றும். பஸ்ஸில் படித்தபோது வரலாறாக இருந்தது, அங்கே நின்று படித்தபோது ஊர் வம்பாக மாறிவிட்டது. நாவலுக்கு அதுதான் வேண்டும். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீடும் அப்படித்தான். 1908-இல் பாண்டிக்கு வந்தவர், பத்து வருஷம் கழித்து 1918 நவம்பரில் ஊருக்குத் திரும்பும்போது பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். இது தெரிந்த பிறகு ஆல்பேட்டையில் பையை அமுக்குகிற போலீஸ்காரரைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருவதில்லை.

கண்மணி குணசேகரனையும் இமையத்தையும் தாமதமாகத்தான் படித்தேன். எங்கள் மாவட்டத்து ஆட்கள், எங்கள் பேச்சு. எங்கள் வீட்டில் பேசுகிற சொல்லை குணசேகரனின் 'அஞ்சலை' நாவலில் அச்சில் பார்த்தபோது யாரோ ஒட்டுக் கேட்டுவிட்ட மாதிரி கூசியது. குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்றே ஒன்று தொகுத்திருக்கிறார். அரசு பஸ் பணிமனையில் வேலை பார்த்த எழுத்தாளர் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டார். இவர்களிடம் திரும்பிப் போவேனா என்று இப்போதே சொல்ல மாட்டேன். பென்சில் தேதிகள் இன்னும் ஒன்றிரண்டுதான் இருக்கின்றன.

ஏப்ரல் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு நாள் சும்மா பிறந்த தேதிகளை எழுதிப் பார்த்தேன். ஜெயகாந்தன் ஏப்ரல் 24. புதுமைப்பித்தன் ஏப்ரல் 25. பிரபஞ்சன் ஏப்ரல் 27. பாரதிதாசன் ஏப்ரல் 29. நான்கு பேரும் கடலூரிலோ பாண்டியிலோ பிறந்தவர்கள், ஒரே வாரத்தில். ஜோசியக்காரரிடம் போகவில்லை. ஆனால் 2016-லிருந்து அந்த வாரத்தை இவர்களுக்கென்று வைத்துவிட்டேன். தேதிப்படி ஒவ்வொருவரிலும் கொஞ்சம். முழுசாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு கதை, ஒரு அத்தியாயம். 26-ஆம் தேதியும் 28-ஆம் தேதியும் ஓய்வு, பலாச்சுளை சாப்பிட. பலாப் பிசுக்குக் கையோடு பக்கத்தைத் திருப்பக் கூடாது என்பதும் அனுபவத்தில் கற்றதுதான். 'வானம் வசப்படும்' இருபதாவது பக்கமும் இருபத்தோராவது பக்கமும் என்னிடம் ஒட்டியேதான் இருக்கின்றன.

இந்த வருஷம் 24-ஆம் தேதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹென்றி கையில் இல்லை. என்னோடு பதினைந்து வருஷம் ஒரே பஸ்ஸில் வந்த அரியாங்குப்பத்து நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். இரவல் கொடுக்கும்போது நோட்டில் எழுதி வைக்கிற வழக்கம் எனக்கு உண்டு, அதனால் தேதி தெரியும். போன் பண்ணிக் கேட்டேன். "முடிச்சுட்டேன் சார், இப்ப ரெண்டாவது தடவை ஓடிக்கிட்டு இருக்குது. அடுத்த வாரம் குடுத்துடறேன்" என்றார்.

அது போன ஆடி மாசம்.